உள்ளே ஒரு கர்ப்பிணி இருக்கிறார்: உதவப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறை வாசலில் கைதியைப் பார்க்க மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிற கூட்டத்தில் தூக்குவாளியோடு ஒரு அம்மாவாவது நிற்பார். “புள்ளத்தாச்சிப் பொண்ணு உள்ள இருக்கா. புளிச்சோறு கேட்டா. குடுக்க வுடுவாங்களா தாயி?” என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் விட மாட்டார்கள். வீட்டுச் சமையல் வாசலோடு திரும்பிவிடும். அந்த அம்மாவிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: “உங்க பொண்ணு கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி தெரியுமாம்மா?”

பல சமயம் தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது. வழக்குக் கட்டில் தேடினாலும் கிடைக்காது. ‘மனுதாரர் கர்ப்பிணியாக உள்ளார்’ என்ற ஒற்றை வரியோடு ஜாமீன் மனு வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும். வயிறு அதன் கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். நீதிமன்றத்துக்கு ஒரு காலண்டர், கர்ப்பத்துக்கு ஒரு காலண்டர். வெளியிலிருந்து உதவுகிறவரின் முக்கியமான வேலை, முதல் காலண்டர் வைத்திருப்பவர்களின் கண்ணில் இரண்டாவது காலண்டர் படும்படி செய்வது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

உறவினர்களுக்கும், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சட்டத் தன்னார்வத் தொண்டர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நடைமுறை தமிழ்நாட்டுடையது. இங்கே புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என ஐந்து இடங்களில் பெண்களுக்கான தனிச்சிறைகள் இருக்கின்றன. சட்டம் இந்தியா முழுமைக்கும் பொது.

ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாடு முழுக்க 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். அவர்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். உள்ளே என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், வெளியே எப்படிக் கொண்டுவரலாம் என்று யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் அவரிடம் கேளுங்கள்

கர்ப்பம் அவருடையது. அவர் முழுகாமல் இருப்பது வீட்டுக்குத் தெரியவேண்டுமா, யாருக்குத் தெரியவேண்டும், குழந்தையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்டுக்கொள்ளாமல் ஒரு அடியும் எடுத்துவைக்காதீர்கள். புதிதாக வருகிற தன்னார்வலர்கள் அதிகம் செய்யும் தவறு, நல்ல எண்ணத்தோடு மாமியாருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவது. அந்த வீட்டிலிருந்து தப்பித்து வந்தவராகக்கூட அவர் இருக்கலாம்.

வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன செய்தார், ஏன் செய்தார் என்பது வக்கீலுக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். கைதியைப் பார்த்துப் பேசும் நேர்காணல் அறையில் கம்பிக்கு இருபுறமும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் இடத்தில் வழக்கைப் பேசினால் அது அவருக்கே கேடாக முடியலாம்.

கேட்க வேண்டியவை: கடைசி மாதவிலக்குத் தேதி, இது எத்தனையாவது கர்ப்பம், முன்பு கருச்சிதைவோ சிசேரியனோ ஆகியிருக்கிறதா, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசுச் சுகாதாரத் துறையில் பதியும்போது தரும் எண்) எடுத்திருக்கிறாரா. வீட்டில் தாய் சேய் நல அட்டை இருந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கைதுக்குப் பின்னால் வீடு மாறுவதும் பீரோ கலைவதும் சகஜம். அந்த அட்டை தொலைந்தால் பாதிக் கதை தொலைந்த மாதிரி. மூன்று ஜெராக்ஸ் போட்டு, ஒன்று வக்கீலிடம், ஒன்று சிறை மருத்துவருக்கு, ஒன்று உங்களிடம்.

கைதான அன்றே தெரிந்திருந்தால்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அங்கே இரண்டு நிமிடம் கிடைக்கும். “அய்யா, நான் நாலு மாச கர்ப்பம்” என்று அந்தப் பெண்ணே சொல்லலாம். வக்கீல் ஒரு மெமோவாக எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ரிமாண்ட் உத்தரவில் அது பதிவாக வேண்டும், மருத்துவக் கவனிப்புக்கு உத்தரவிடவும் கேட்க வேண்டும். முதல் ரிமாண்டில் பதிவானது பின்னால் வரும் ஒவ்வொரு தாளிலும் கூடவே வரும். அப்போது விட்டுப்போனால், அடுத்த காவல் நீட்டிப்பெல்லாம் பெரும்பாலும் காணொலியில்தான். திரையில் வயிறு தெரியாது.

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர் அல்லது அவருடைய மேற்பார்வையில் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காவல் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் அந்தப் பரிசோதனையிலேயே கர்ப்பத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சந்தேகம் இருந்தாலும் சொல்லட்டும். அதுதான் முதல் தாள்.

உள்ளே போனதும்: அந்த அறிக்கையைக் கேளுங்கள்

ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல் 13 அன்று கொடுத்த தீர்ப்பை இந்த வேலைக்கு வருகிற யாரும் பெயர் சொல்லத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணியை ஒரு சிறைக்கு அனுப்பும் முன் அங்கே பிரசவத்துக்கும் அதற்கு முன்பின் கவனிப்புக்கும் அடிப்படை வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. உள்ளே வந்த பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ மருத்துவ அலுவலர் கண்காணிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் பரிசோதித்து உடல்நிலை, எத்தனை மாதம், பிரசவம் எப்போது ஆகலாம் என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு அந்த விவரம் சிறைத்துறைத் தலைமைக்கும் போக வேண்டும்.

அந்தப் பதிவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு வழி: வக்கீல் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டு, சிறைக் கண்காணிப்பாளரிடமிருந்து மருத்துவ அறிக்கை வரவழைக்கக் கேட்கலாம். அல்லது சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையம் வழியாக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு அந்தப் பெண்ணே ஒரு கடிதம் எழுதலாம். எழுதத் தெரியாதென்றால் சொல்லச்சொல்ல எழுதித் தர உள்ளேயே ஆள் கிடைப்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். காசு செலவில்லை, பதிலும் எழுத்தில் வரும்.

கிளைச்சிறையில் வைத்திருக்கிறார்கள் என்றால், உரிய வசதி இல்லாத கிளைச்சிறையில் குழந்தையோடு இருக்கும் பெண்ணை வைக்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்வதைச் சுட்டிக்காட்டி, பெண்கள் தனிச்சிறைக்கு மாற்றக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பக்கத்து ஊர்க் கிளைச்சிறையில் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிற அம்மாவால் இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பார்க்க முடியுமா? இதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

பரிசோதனைகள் விஷயத்தில் வெளியே உள்ள கர்ப்பிணிக்கு என்னவோ அதுவேதான் உள்ளே உள்ளவருக்கும். குறைந்தது நான்கு முறை கர்ப்பகாலப் பரிசோதனை, டிடி ஊசி, இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும், ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின், ஐந்தாம் மாத ஸ்கேன். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. நேர்காணலுக்குப் போகும்போது “நல்லா இருக்கியா” என்று கேட்டால் எல்லோரும் “இருக்கேன்க்கா” என்றுதான் சொல்வார்கள். “போன தடவை ரத்தம் எவ்வளவுன்னு சொன்னாங்க, அடுத்த ஸ்கேன் என்னைக்கு” என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் அங்கே வேலை இருக்கிறது.

வழிக்காவல் என்றொரு விஷயம்

இதைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் நான் பார்த்தவரை, பரிசோதனை தவறிப்போவதற்குச் சிறை மருத்துவரின் அலட்சியத்தைவிட இதுதான் அதிகம் காரணம். கைதியை வெளி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் போலீஸ் வர வேண்டும், அதிலும் பெண் போலீஸ் வேண்டும். ஊரில் ஒரு திருவிழா, ஒரு தலைவர் வருகை, ஒரு பந்தோபஸ்து என்றால் வழிக்காவல் வராது. தாமதமாக வந்தால் புறநோயாளிப் பிரிவு மூடியிருக்கும். ஸ்கேன் தேதி போய்விடும். இன்னொரு தேதி மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மூன்று வாரத் தாமதம் என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் ஸ்கேன் தேதியும் பரிசோதனைத் தேதிகளும் உங்கள் டைரியில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்னால் சிறை நல அலுவலரிடம் வழிக்காவலுக்கு எழுதியாகிவிட்டதா என்று தன்மையாகக் கேளுங்கள். ஒரு தடவை தவறினால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம், நகல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. இரண்டாவது தடவையும் தவறினால் வக்கீல் அதையே ஜாமீனுக்கான காரணமாக வைக்கலாம். சண்டை போடாதீர்கள். சிறை ஊழியர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணி விஷயத்தில் பயத்தோடுதான் இருப்பார்கள்; உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே. உங்கள் கடிதம் அவர்களுக்கும் ஒரு பிடிமானம்.

சாப்பாட்டு விஷயம் இரண்டு வரியில் முடியும். கூடுதல் உணவு, பால், முட்டை எல்லாம் சிறை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் வரும். ‘எழுதச் சொல்லுங்கம்மா’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். கேன்டீனில் வாங்கிக்கொள்ள அவர் கணக்கில் பணம் கட்டலாம். பழம், பிஸ்கெட், துணி என்ன அனுமதி என்பது சிறைக்குச் சிறை மாறும், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாமீன்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இருந்தாலும் பெண் என்பதற்காக ஜாமீனில் விடலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 437 என்று இருந்தது. ‘விடலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘விட வேண்டும்’ என்று இல்லை. மாஜிஸ்திரேட்டின் மனத்துக்கு ஏதாவது ஒன்று பட வேண்டும். அதற்குத்தான் அந்தத் தேதி.

மனுவில் இருக்க வேண்டியவை இவை: எத்தனையாவது வாரம், பிரசவத் தேதி எப்போது, ஆபத்துக் கூறுகள் என்ன, எந்தப் பரிசோதனை தவறிப்போனது, வெளியே வந்தால் எந்த வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம். கடைசி இரண்டும் பெரும்பாலான மனுக்களில் இருப்பதில்லை. உபாத்யாய் தீர்ப்பும், பிரசவம் சிறைக்கு வெளியே நடக்கும்படி தற்காலிக விடுவிப்புக்கு முடிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லும்போது, ‘அவருக்குப் பொருத்தமான இடம் இருந்தால்’ என்ற கருத்தைச் சேர்த்தே சொல்கிறது. மிகப்பெரிய பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்ற விதிவிலக்கான நிலையில் மட்டும் மறுக்கலாம் என்கிறது. ஆகவே அந்த இடத்தைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. அக்கா வீடோ, அத்தை வீடோ, ஒரு காப்பகமோ, ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கஞ்சா வழக்குகள் கடினம். போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வணிக அளவு என்று வந்துவிட்டால் ஜாமீனை இறுக்கிவிடும். அப்போதும் பிரசவத்துக்காக இடைக்கால ஜாமீன் கேட்கலாம். 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, அப்படி ஒரு வழக்கில் கர்ப்பிணி ஒருவருக்கு ஆறு மாதத் தற்காலிக ஜாமீன் கொடுத்தது. சிறைச் சூழலில் பிரசவிப்பது தாயையும் சேயையும் பாதிக்கும் என்பதைக் காரணமாகச் சொன்னது. குண்டர் சட்டத்தில் போட்டிருந்தால் ஜாமீன் மனு மட்டும் போதாது, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வேண்டும். தண்டனை பெற்றவர் என்றால் மேல்முறையீட்டோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்பது ஒரு வழி; சிறை விடுப்பு, அதாவது நாம் பரோல் என்று சொல்வது, இன்னொரு வழி.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

சரி, ஜாமீன் கிடைத்துவிட்டது. இனிதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ரேஷன் கார்டு, ஆதார், சொத்து வரி ரசீது என்று வேண்டும். வழக்கு என்றாலே சொந்தக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். உத்தரவு கையில் இருக்க, நிறைமாதத்தில் உள்ளேயே இருந்தவர்கள் உண்டு. இதற்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சில வழிமுறைகள் கொடுத்திருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டம் 2023இலிருந்து இருக்கிறது. தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். மாவட்டக் குழு ஒன்று முடிவு செய்யும். நீங்களாக ஏழு நாள் எண்ணி எட்டாம் நாள் ஆணைக்குழு அலுவலகத்தில் நில்லுங்கள்.

அப்புறம், தேதிகளைப் பாருங்கள். குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளில் தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அதே சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைக் காட்டி ஜாமீன் கேட்கலாம். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு அது பொருந்தாது.

குழந்தை வேண்டாம் என்று அவர் நினைத்தால்

கருக்கலைப்பு உரிமையும் சிறை வாசலோடு நின்றுவிடுவதில்லை. மும்பை உயர் நீதிமன்றம் 2016இல் பெண் கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வயது வந்த பெண் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் சம்மதமோ மாமியார் சம்மதமோ தேவையில்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 20லிருந்து 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு மருத்துவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். வாரக்கணக்கு இருப்பதால் தாமதமில்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும். உங்கள் சொந்தக் கருத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிரசவம்

வெளியே கொண்டுவர முடியாமல் போனால், பிரசவம் பெரும்பாலும் அரசு மருத்துவமனையில், வழிக்காவலோடு நடக்கும். எட்டாம் மாதத்திலேயே மூன்று கடிதங்கள் தயாராக இருக்கட்டும்.

ஒன்று, கூட இருக்க ஒரு பெண் துணை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது கர்ப்பிணியோடு ஒரு பெண் உறவினர் இருக்கும் நடைமுறை உண்டு. கைதிக்கும் அது வேண்டும் என்று, வரப்போகும் அம்மாவின் பெயர், ஆதார் நகலோடு கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வலி வந்த பிறகு கேட்டால் ‘மேலிடத்தில் கேட்க வேண்டும்’ என்ற பதில்தான் வரும்.

இரண்டு, விலங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2010இல் ஏற்ற பாங்காக் விதிகளில் 24ஆம் விதி, பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அது முடிந்த உடனேயும் எந்த விலங்கும் பூட்டக் கூடாது என்கிறது. கட்டிலோடு பூட்டிய சங்கிலியைப் பார்த்தால் உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

மூன்று, வீட்டு முகவரி. இது ஏன் என்று அடுத்து வருகிறது.

பிறப்புச் சான்றிதழில் சிறை இருக்கக் கூடாது

சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்பிடமாகச் சிறையைக் குறிப்பிடக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியை மட்டும் எழுத வேண்டும் என்று உபாத்யாய் தீர்ப்பு சொல்கிறது. மருத்துவமனையில் பிறந்தால் பிறப்பிடம் மருத்துவமனைதான், அதில் சிக்கல் வராது. சிக்கல் பெற்றோரின் முகவரி என்ற கட்டத்தில் வரும். வழிக்காவல் போலீஸ் கொண்டுவந்த தாளைப் பார்த்து யாரோ ஒருவர் சிறை முகவரியை அடித்துவிட்டால், அந்தப் பிள்ளை ஸ்கூலில் சேரும் நாள்வரை அது கூடவே வரும். அதனால்தான் வீட்டு முகவரிச் சான்றை முன்கூட்டியே மருத்துவமனைப் பதிவில் கொடுத்துவைக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய பிக்மி எண் கேட்பார்கள். கைதுக்கு முன் எடுத்திருந்தால் அதே எண். இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் வீட்டு முகவரிக்கே பதியக் கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய்க்கும் அந்த எண்தான் சாவி. பிறந்து 21 நாளுக்குள் பதிவு, கட்டணமில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் முகவரிக் கட்டத்தை மட்டும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பெயர் வைக்கும் சடங்குக்கும் முடிந்தவரை வசதி செய்து தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பெயரை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

பச்சை உடம்பும் கைக்குழந்தையும்

மருத்துவமனையிலிருந்து திரும்பிப் போகிற அந்த முதல் இரண்டு வாரம்தான் எனக்கு மிகவும் பயமான காலம். வெளியே என்றால் பச்சை உடம்புக்காரியைச் சுற்றி நான்கு பெண்கள் இருப்பார்கள். உள்ளே அவருக்கு இருப்பது பக்கத்துப் பாய்க்காரர். அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், தையலில் சீழ், கால் வீங்கி வலி, தாங்காத தலைவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி அவரிடமும், முடிந்தால் அதே அறையில் உள்ள மூத்த பெண் ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது இரண்டும் அதே மாதிரி. பருத்தித் துணி, நாப்கின், குழந்தைக்குத் தொப்பி, துண்டு, இவையெல்லாம் முன்பே அனுமதி வாங்கிக் கொடுத்துவைக்கலாம்.

அழுதுகொண்டே இருக்கிறார், குழந்தையைத் தொடப் பிடிக்கவில்லை என்கிறார், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறார் என்றால் ‘பிள்ளை முகத்தைப் பாரு, சரியாயிடும்’ என்று தேற்றிவிட்டு வராதீர்கள். அன்றே நல அலுவலரிடமும் சிறை மருத்துவரிடமும் சொல்லி மனநலச் சிகிச்சை கேளுங்கள்.

குழந்தை ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். அது கைதி இல்லை என்பதை உபாத்யாய் தீர்ப்பு அழுத்தமாகச் சொல்கிறது. உணவு, உடை, மருத்துவம், படிப்பு, விளையாட்டு எல்லாம் அதற்கு உரிமையாகவே உண்டு. குழந்தைக்குத் தனி உணவு அளவு இருக்கிறது. தாயின் தட்டிலிருந்து பிய்த்துக் கொடுப்பதல்ல. மூன்று வயதுக்குள் என்றால் குழந்தைகள் காப்பகம், மூன்றிலிருந்து ஆறு வரை மழலையர் பள்ளி; அது சிறைச் சுவருக்கு வெளியே இருப்பது நல்லது. தடுப்பூசி அட்டையை நேர்காணலின்போது கேட்டுப் பாருங்கள்: பிறந்ததும் பிசிஜி, போலியோ, மஞ்சள் காமாலை பி, பிறகு 6, 10, 14 வாரங்கள், 9 மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா. இங்கேயும் தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் தேதியை யாரும் எண்ணாததுதான்.

பால் குடிக்கும் குழந்தை வெளியே, தாய் உள்ளே என்றும் நடக்கும். கைதின்போது குழந்தை பக்கத்து வீட்டில் இருந்திருக்கும். அப்படியென்றால் அன்றே வக்கீல் மூலம் மெமோ போட்டு, தாய் விரும்பினால் குழந்தையை அவரோடு சேர்க்கக் கேளுங்கள். இரண்டு நாளில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடும். ஒரு வாரத்தில் வற்ற ஆரம்பித்துவிடும்.

வெளியே நிற்கும் பெரிய பிள்ளைகள்

வயிற்றுப் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். வீட்டில் எட்டு வயதுப் பெண் தம்பிக்குச் சோறாக்கிக்கொண்டிருப்பாள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகலாம். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ சித்தியோ கேட்கலாம். பள்ளியில் ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ என்று சொல்லிவைத்திருந்தால் அதை நீங்கள் போய் உடைக்க வேண்டாம். குழந்தைகளின் படமும் பெயரும் உங்கள் வாட்ஸப் குழுவுக்குக்கூடப் போகக் கூடாது.

ஆறு வயது முடியும்போது பிரிவு வரும். தாய் சொல்லும் உறவினரிடமோ, சமூகநலத் துறையின் இல்லத்திலோ குழந்தையை ஒப்படைப்பார்கள். முடிந்தவரை அதே ஊரில், வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்கும் ஏற்பாட்டோடு. இதை ஐந்தரை வயதில் பேசத் தொடங்குங்கள். போகப்போகும் வீட்டுக்காரர்கள் நான்கைந்து தடவை முன்பே நேர்காணலுக்கு வந்து குழந்தையோடு பழகியிருந்தால், அன்றைக்குக் குழந்தை அந்நியர் கையில் போகாது.

வெளியே வரும் நாள்

விடுதலை உத்தரவு சிறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகிவிடும். கைக்குழந்தையோடு ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் தனியாக நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். ஆட்டோவோடு ஒருவர் இருக்க வேண்டும், பால், துணி, குடிதண்ணீர் இருக்க வேண்டும். உள்ளே பார்த்த மருத்துவக் குறிப்புகள், ஸ்கேன், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த வாரமே ஊர்ச் செவிலியரிடம் காட்டிப் பதிவைத் தொடரலாம்.

பெரும்பாலும் கண்டிஷன் பெயிலாக இருக்கும், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. நிறைமாதக்காரருக்கும் பிரசவமான பத்தாம் நாளில் இருப்பவருக்கும் அது முடியாது. மருத்துவச் சான்றோடு உடனே நிபந்தனைத் தளர்வு மனு போடுங்கள். ஒரு நாள் போகாமல் விட்டுவிட்டு அப்புறம் காரணம் சொன்னால் ஜாமீனே ரத்தாகலாம். மனு முடிவாகும்வரை போய்த்தான் ஆக வேண்டும். அந்த நேரம் குழந்தையை ஸ்டேஷன் மரத்தடியில் யார் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறீர்கள் என்று ஒரு வாரத்துக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள்.